என்யுஎஸ் காலேஜ் முதலாண்டு: கம்ப்யூட்டிங் படிப்பவருக்கும் இந்தச் சின்ன வகுப்பு வேண்டும்

கம்ப்யூட்டிங்கில் இடம் கிடைத்தாயிற்று, அப்புறம் எதற்கு இந்த வரலாறு, இலக்கியம், கட்டுரை எல்லாம் என்று கேட்கும் பெற்றோருக்காகவும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கும் ஜேசி (ஜூனியர் காலேஜ்), பாலிடெக்னிக் தம்பி தங்கைகளுக்காகவும் எழுதுகிறேன். நான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் (என்யுஎஸ்) என்யுஎஸ் காலேஜில் சேர்ந்த கம்ப்யூட்டிங் மாணவி. முதலாண்டில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை என் துறைப் பாடங்கள் இல்லை, இந்த மனிதவியல் வகுப்புகள்தான்.

முதலில் விவரம். 2001ல் தொடங்கிய யுஎஸ்பி (யுனிவர்சிட்டி ஸ்காலர்ஸ் புரோகிராம்) திட்டத்தையும் யேல்-என்யுஎஸ் கல்லூரியையும் இணைத்து 2022ல் திறந்தது என்யுஎஸ் காலேஜ். ஆண்டுக்குச் சுமார் 400 பேரைத்தான் சேர்க்கிறார்கள். பொறியியலோ வணிகமோ உங்கள் துறை அப்படியே இருக்கும். அதோடு பொதுப் பாடங்களைச் சிறிய வகுப்புகளில் படிக்க வேண்டும், வளாகத்திலேயே தங்கவும் வேண்டும்.

இதில் நான் முதலில் சொல்வது எழுத்துப் பாடத்தைத்தான். ஒரு நாள் வகுப்பு முழுக்க ஒரே ஒரு வரைபடம். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸ் சொன்னபடி லெப்டினன்ட் ஜாக்சன் 1822ல் தயாரித்த நகரத் திட்டம். சீனர்களுக்கு ஓர் இடம், ஆற்றின் மேற்பகுதியில் தென்னிந்தியர்களுக்கான சூலியாக் கம்பம், கிழக்கே மலாய்க்காரர்களுக்கான கம்போங் கிளாம். உயர்நிலைப் பள்ளியில் எல்லாரும் பார்த்த படம்தான், இனவாரியாகப் பிரித்தார்கள் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். இங்கே ஆசிரியர் கேட்டது வேறு: இது அன்று இருந்த ஊரா, அவர்கள் ஆசைப்பட்ட ஊரா? அவ்வளவுதான், வகுப்பே சூடாகிவிட்டது. ஏனென்றால் அந்தத் திட்டம் முழுதாக நிறைவேறவே இல்லை, படத்தில் இருக்கும் நேர்நேரான தெருக்கள் பல அன்று தரையில் கிடையாது. லிட்டில் இந்தியாவும் அதில் இல்லை, அது பிற்பாடு சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டு வணிகத்தோடு வளர்ந்த வட்டாரம். அப்படியானால் அந்தப் படத்தை வைத்து நாம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது? உயிரியல் படிக்கும் ஒருவர் ஒன்று சொல்ல, வணிகம் படிப்பவர் மறுக்க, இரவு சாப்பாட்டு மேசையிலும் அது ஓயவில்லை.

அதை வைத்து எழுதிய கட்டுரையின் முதல் வரைவை ஆசிரியர் என்னோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். "இதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று ஓரத்தில் எத்தனை இடத்தில் எழுதியிருந்தார் தெரியுமா! நூற்றுக்கணக்கானோர் உட்காரும் விரிவுரை அரங்கில் யாரும் உங்களை இப்படிக் கேட்க முடியாது, படித்தீர்களா என்பதுகூடத் தெரியாது. இங்கே தப்பிக்க வழியில்லை, அதுதான் இதன் பெரிய பலன். இப்போது ஒரு தரவுத் தொகுப்பைத் திறந்தாலும் இதை யார் சேர்த்தார்கள், எதற்காக, யார் விடுபட்டார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். என் கம்ப்யூட்டிங் பாடங்களுக்கே அது உதவுகிறது.

குறைகளும் உண்டு. வாசிப்பு அதிகம், புரோகிராமிங் அசைன்மென்ட் வரும் வாரத்தில் திணறுவீர்கள். தங்கும் செலவைக் குடும்பத்தோடு முன்பே பேசிவிடுங்கள். பேசக் கூச்சப்படுபவர்களுக்குத் தொடக்கம் கடினம், ஆனால் பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் பேசிப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மதிப்பெண் பயம் இருந்தால், என்யுஎஸ்ஸில் எஸ்/யு வசதி (கிரேடுக்குப் பதிலாகத் தேர்ச்சி, தேர்ச்சி இல்லை என்று மட்டும் பதிவது) இருக்கிறது, ஆனால் எந்தப் பாடத்துக்குப் பொருந்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்புச் சுமையைக் குறைக்கத்தான் வழி தேடுகிறீர்கள் என்றால் இது வேண்டாம். மற்றபடி எந்தத் துறையாக இருந்தாலும் தயங்காமல் விண்ணப்பியுங்கள். இடம் கிடைக்கவில்லையா, என்யுஎஸ்ஸின் யுடவுன் வளாகத்தில் தெம்புசு, கேப்ட் போன்ற தங்கும் கல்லூரிகளிலும் சிறு கருத்தரங்கு வகுப்புகள் நடக்கின்றன, அவற்றையும் பாருங்கள்.