இரண்டு ஆட்டமா, ஒரே வார இறுதியா?

ஹேண்ட்பால், அதாவது பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் விளையாட்டு. அதன் ஐரோப்பிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கில், 2024 காலிறுதியின் முதல் ஆட்டம். பிரான்சின் மான்பெலியே 39, ஜெர்மனியின் கீல் 30. ஒன்பது கோல் கடனோடு கீல் அணி ஜெர்மனிக்குத் திரும்பியது. இரண்டாவது ஆட்டம் சொந்த அரங்கில். அங்கே 31-21 என்று ஜெயித்தது. இரண்டையும் கூட்டினால் 61-60. ஒரே ஒரு கோலில் மான்பெலியே வெளியே போனது.

அடுத்த மாதமே அதே கீல் அணி கொலோன் நகரில் பார்சிலோனாவுக்கு எதிராக அரையிறுதி ஆடியது. 30-18 என்று தோற்றது. அதோடு கோப்பைக் கனவு முடிந்தது. திருப்பிக் கொடுக்க இன்னொரு ஆட்டம் கிடையாது.

ஐரோப்பிய ஹேண்ட்பால் கிளப் கோப்பையின் நாக்அவுட் சுற்றுக்குள் இப்படி இரண்டு வேறு முறைகள் இருக்கின்றன. (கைப்பந்து என்று எழுதினால் பலருக்கு வாலிபால்தான் நினைவுக்கு வரும். அதனால் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன்.) இரண்டில் எது நல்லது என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று ஆடும் பழைய முறையா, நான்கு அணிகளும் ஒரே இடத்தில் கூடி இரண்டு நாளில் முடித்துவிடும் ஃபைனல் ஃபோர் முறையா?

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் 2020-21 முதல் 16 அணிகள், எட்டு எட்டாக இரண்டு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நேராகக் காலிறுதிக்குப் போவார்கள். மூன்று முதல் ஆறு வரை இருப்பவர்கள் பிளேஆஃப் ஆடி ஜெயித்துத்தான் காலிறுதிக்கு வர வேண்டும். கடைசி இரண்டு அணிகள் வீட்டுக்கு. பிளேஆஃபும் காலிறுதியும் இரண்டு ஆட்டங்களாக நடக்கும், கோல்களைக் கூட்டித்தான் முடிவு. காலிறுதியில் ஜெயிக்கும் நான்கு அணிகள் கொலோனின் லாங்க்செஸ் அரங்குக்குப் போகும். சனிக்கிழமை இரண்டு அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. 2010 முதல் இப்படித்தான். அதற்கு முன்பு இறுதிப் போட்டிகூட இரண்டு ஆட்டம்தான்.

இரண்டு ஆட்ட முறை என்றதும் நமக்குக் கால்பந்துதான் ஞாபகம் வரும். முதல் ஆட்டத்தில் 3-0 என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. ஹேண்ட்பாலில் அப்படி இல்லை. ஒரு அணி ஒரு ஆட்டத்தில் முப்பது கோல் அளவுக்குப் போடும் விளையாட்டு இது. ஐந்து கோல் முன்னிலை பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். இரண்டு வீரர்கள் அடுத்தடுத்து இரண்டு நிமிடத் தண்டனை வாங்கி வெளியே உட்கார்ந்தால் இன்னும் வேகமாகக் கரையும். அதனால் முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடம் மற்ற எந்தக் கடைசி நிமிடத்தையும் போல இருக்காது. மூன்று கோல் முன்னால் இருக்கும் அணி பந்தைச் சும்மா உருட்டி நேரம் கடத்தாது, நாலாவதற்குப் போகும். ஆறு கோல் பின்னால் இருக்கும் அணியின் பயிற்சியாளர் கடைசி இருபது விநாடிக்காக டைம்அவுட் எடுப்பார். தோல்வி உறுதிதான், ஆனால் ஆறு கோலில் தோற்பதும் ஐந்து கோலில் தோற்பதும் ஒன்றல்ல. ஜெயித்தவனும் தோற்றவனும் அறுபதாவது நிமிடம் வரை ஒரே தீவிரத்தோடு ஓடுவதை நான் வேறெங்கும் இந்த அளவுக்குப் பார்த்ததில்லை.

இதன் உச்சம் 2009 இறுதி. கீல் தன் ஊரில் சியுதாத் ரியாலை 39-34 என்று வீழ்த்தியது. ஐந்து கோல், நல்ல சேமிப்பு. ஸ்பெயினில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் சியுதாத் ரியால் 33-27. ஆறு கோல். மொத்தம் 67-66, கோப்பை ஸ்பெயினுக்கு. கீல் முதல் ஆட்டத்தில் தவறவிட்ட ஏதோ ஒரு வீச்சு உள்ளே போயிருந்தால் கணக்கு சமம். அது எந்த வீச்சு என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. அந்த 120 நிமிடத்தில் எல்லாக் கோலுக்கும் ஒரே எடை என்பதுதான் இந்த முறையின் அழகு.

சொந்த ஊர்தான் எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. முந்தைய ஆண்டு, 2008-லும் இதே இரண்டு அணிகள்தான். அப்போது சியுதாத் ரியால் சொந்த ஊரில் 27-29 என்று தோற்றது. பிறகு கீல் அரங்குக்கே போய் 31-25 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது.

சரி, கொலோனுக்கு வருவோம். அங்கே கோல் வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை. ஒன்றில் ஜெயித்தாலும் பன்னிரண்டில் ஜெயித்தாலும் ஒன்றுதான். இதை நான் குறையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், 2016 இறுதியைப் பார்க்கும் வரை. ஹங்கேரியின் வெஸ்ப்ரேம் அணி, ஏறக்குறைய 14 நிமிடம் மீதி இருக்கும்போது, போலந்தின் கியெல்ட்சே அணியை 28-19 என்று முந்தியிருந்தது. ஒன்பது கோல். அதற்குப் பிறகு முழு நேரம் முடியும்வரை வெஸ்ப்ரேம் போட்டது ஒரே ஒரு கோல். 29-29. கூடுதல் நேரத்தில் 35-35. ஏழு மீட்டர் வீச்சில் (கால்பந்தின் பெனால்ட்டி ஷூட்அவுட் மாதிரி) கியெல்ட்சே 39-38 என்று ஜெயித்தது. தலந்த் துய்ஷெபாயெவ் பயிற்சியில் ஆடிய அந்த அணிக்கு அன்று இரண்டாவது ஆட்டம் என்று ஒன்று காத்திருந்தால் அந்த 14 நிமிடம் பிறந்திருக்குமா? ஒன்பதை ஐந்தாகக் குறைத்துவிட்டு மூச்சு வாங்கியிருப்பார்கள். மீதியைச் சொந்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று. நாளை என்று ஒன்று இல்லாததால்தான் அந்த ஆட்டம் அப்படி ஆனது.

அடுத்த ஆண்டு, 2017 இறுதியில், வார்தார் அணியின் இவான் சூப்பிச் கடைசி விநாடியில் போட்ட கோலில் பாரிஸ் 24-23 என்று வீழ்ந்தது. 2022-ல் பார்சிலோனா கியெல்ட்சேயை ஏழு மீட்டர் வீச்சில் வென்றது. 2023-ல் மாக்டபுர்க் அதே கியெல்ட்சேயைக் கூடுதல் நேரத்தில் 30-29 என்று வென்றது. கொலோன் இப்படிப்பட்ட முடிவுகளை அடிக்கடி தருகிறது, மறுக்கவில்லை.

ஆனால் இதற்கு வீரர்களின் உடம்பு ஒரு விலை கொடுக்கிறது. சனிக்கிழமை ஆடியவர்கள் ஏறக்குறைய ஒரே நாள் இடைவெளியில் மறுபடி இறங்க வேண்டும். மோதிக்கொண்டே ஆடும் விளையாட்டு இது. ஒவ்வொரு தாக்குதலிலும் நடுவில் நிற்பவர்கள் மீது நூறு கிலோ உடம்பு வந்து இடிக்கும். 2023 அரையிறுதியில் மாக்டபுர்கின் ஐஸ்லாந்து வீரர் கீஸ்லி கிறிஸ்த்யான்சனின் தோள்பட்டை இறங்கிவிட்டது. மறுநாள் இறுதியில் அவர் ஆடினார். அந்த வார இறுதியின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். பிறகு அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு. அவருடைய துணிவை நினைத்து இன்றும் சிலிர்க்கிறது. அதே நேரம், ஒரு போட்டி அமைப்பு ஒரு மனிதனிடம் இதைக் கேட்கலாமா என்ற வருத்தமும் போகவில்லை. ஒரு வாரம் இடைவெளி இருந்திருந்தால் மருத்துவர்களே முடிவு செய்திருப்பார்கள்.

ஃபைனல் ஃபோர் யாருக்கும் சொந்த ஊர் அல்லாத பொது இடத்தில் நடக்கிறது என்ற வாதத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். கொலோன் ஜெர்மனியில் இருக்கிறது. 2010 முதல் 2025 வரை நடந்த 16 ஃபைனல் ஃபோரில் ஏழு கோப்பைகள் ஜெர்மன் அணிகளுக்கு. கீல் மூன்று, மாக்டபுர்க் இரண்டு, ஹாம்புர்க், ஃப்ளென்ஸ்புர்க் தலா ஒன்று. ஆனால் தனி அணியாக அதிகம் ஜெயித்தது பார்சிலோனா, ஐந்து முறை. ஜெர்மன் லீக் வலுவானது என்பதும் உண்மை. ஆகவே இடத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்கள் போட்டியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அவர்களுடைய ஃபைனல் ஃபோர் 2014 முதல் புடாபெஸ்டில் நடக்கிறது, ஹங்கேரியின் க்யோர் அணி அங்கே கிட்டத்தட்ட சொந்த மண்ணில் ஆடுகிறது. அந்த அணியே 2016 இறுதியில் புக்கரெஸ்டிடம் ஏழு மீட்டர் வீச்சில் தோற்றதும் அதே ஊரில்தான்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. வெஸ்ப்ரேம் சுமார் 60,000 பேர் வாழும் ஊர். அரங்கில் ஐந்தாயிரம் பேர் உட்காரலாம். கியெல்ட்சே அரங்கும் அதே மாதிரி சின்னதுதான். இந்த ஊர்களுக்கு ஐரோப்பாவின் பெரிய அணிகள் வந்து இறங்குவது இரண்டு ஆட்ட முறையால்தான். லாங்க்செஸ் அரங்கில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் உட்காரலாம், திருவிழா மாதிரி இருக்கும். ஆனால் அங்கே போக விமானச் சீட்டும் விடுதிச் செலவும் வேண்டும். மகனைக் கைபிடித்துக்கொண்டு நடந்தே அரங்குக்குப் போகும் வெஸ்ப்ரேம்காரருக்குக் காலிறுதிதான் இறுதிப் போட்டி.

பாவம், வெஸ்ப்ரேமுக்கு எந்த முறையும் கைகொடுக்கவில்லை. 2002-ல் இரண்டு ஆட்ட இறுதியில் மாக்டபுர்கைச் சொந்த ஊரில் 23-21 என்று ஜெயித்து, அங்கே போய் 25-30 என்று தோற்றார்கள். அப்புறம் கொலோனில் 2015, 2016, 2019 என்று மூன்று இறுதிகள், மூன்றிலும் தோல்வி.

இரண்டு ஆட்ட முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. கூட்டுத்தொகை சமமானால் என்ன செய்வது? முன்பு எதிரணி ஊரில் யார் அதிகக் கோல் போட்டார்கள் என்று பார்த்தார்கள், இப்போது ஏழு மீட்டர் வீச்சு. 2024 காலிறுதியில் முதல் ஆட்டத்தைக் கியெல்ட்சே 27-26 என்று ஜெயிக்க, மாக்டபுர்க் 23-22 என்று திருப்பிக் கொடுக்க, 49-49. இரண்டு மணி நேரம் ஆடிய ஆட்டத்தை ஒரு சில வீச்சுகள் முடித்தன, மாக்டபுர்க் தேறியது. இந்த இடத்தில் கொலோனைவிட இது உயர்ந்தது என்று சொல்ல முடியவில்லை.

கொரோனா ஆண்டில் மூன்றாவது வழி ஒன்றையும் பார்த்தோம். 2019-20 நாக்அவுட் சுற்றுகளை ரத்து செய்து, பிரிவு ஆட்டங்களில் முன்னணியில் இருந்த நான்கு அணிகளை 2020 டிசம்பர் இறுதியில் காலி அரங்கில் ஆட வைத்தார்கள். இறுதியில் கீல் 33-28 என்று பார்சிலோனாவை வென்றது. வேறு வழியில்லாமல் செய்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலிறுதி இல்லாத அந்த ஆண்டு எனக்குப் பாதி ஆண்டாகத்தான் தெரிந்தது. 2025-ல் மாக்டபுர்க் பிளேஆஃப் வழியாகவே வந்து, காலிறுதியில் வெஸ்ப்ரேமைத் தாண்டி, கோப்பையை எடுத்தது. அந்தக் கதவு 2020-ல் திறந்தே இருக்கவில்லை.

என்னைக் கேட்டால் அரையிறுதியையும் இரண்டு ஆட்டமாக்குவேன். இறுதியை மட்டும் கொலோனில் ஒரே ஆட்டமாக வைப்பேன். 2016 மாதிரியான 14 நிமிடம் இறுதியில் நடக்கட்டும். ஒரு அணியைக் கோப்பையிலிருந்து நீக்குவதற்கு முன் அதன் சொந்த ஊரில் ஒரு முறை ஆட விடட்டும். இதனால் அந்த வார இறுதித் திருவிழா சுருங்கும், வருமானமும் குறையும், ஏற்பாட்டாளர்கள் ஒத்துக்கொள்வது கடினம் என்று தெரியும். இருந்தாலும் என் விருப்பம் இதுதான்.

வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஹேண்ட்பால் பார்க்க நேரம் கிடைக்கும் என்றால், ஜூன் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள். வசந்தத்தில் காலிறுதியின் இரண்டாவது ஆட்டங்களில் ஒன்றைப் பாருங்கள், முதல் ஆட்டத்தில் நான்கைந்து கோலில் தோற்ற அணி சொந்த ஊரில் ஆடுவதாகப் பார்த்து. முதல் ஆட்டத்தின் ஸ்கோரை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதாவது நிமிடத்துக்கு மேல் திரையைவிட அந்தத் தாளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.