சத்துவாச்சாரி மாலை வகுப்பு: பத்தி படித்துச் சொல் கற்ற மூன்று மாதங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில், ஓ.இ.டி. தேர்வு (வெளிநாட்டில் வேலை செய்ய விரும்பும் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதும் செவிலியர்களுக்கென்று மாலை 6 மணிக்கு நடக்கும் ஆங்கில வாசிப்பு வகுப்பில் மூன்று மாதம் படித்தேன். கட்டணம் 7,500 ரூபாய். காலை ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரம்தான். நைட் டியூட்டி வாரத்தில் தவறவிட்ட பாடங்களுக்கு மாற்று வகுப்பு கிடையாது.

ஓ.இ.டி. வாசிப்புத் தேர்வு 60 நிமிடம், 42 கேள்விகள். கடைசிப் பகுதியில் ஏறத்தாழ 800 சொற்கள் கொண்ட இரண்டு கட்டுரைகள் வரும். ஒரு சொல் அந்த இடத்தில் எதைக் குறிக்கிறது என்றும் கேட்பார்கள். ஆகவே பத்தியைப் படித்து, அதிலிருந்தே சொல்லின் பொருளை அறியும் பயிற்சியைத்தான் இவ்வகுப்பில் முதன்மையாகத் தருகிறார்கள்.

இதில் ஆசிரியர் கெட்டிக்காரர். இரண்டாவது வாரம், மருத்துவமனை விதிமுறைக் குறிப்பு ஒன்றில் ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல் வந்தது. “எப்போ டிஸ்சார்ஜ் பண்ணுவாங்க சிஸ்டர்?” என்ற கேள்வியை வார்டில் தினமும் கேட்கும் எனக்கு, நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதும் தெரியும், புண்ணிலிருந்து கசிவதும் தெரியும். அங்கே இருந்ததோ, பணியாளர் தம் பொறுப்புகளை உரிய நேரத்தில் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும் என்ற வாக்கியம். பொறுப்பிலிருந்து விலக்குகிறார்கள் போலும் என்று எண்ணி அகராதியைத் தேடினேன். “அதைத் தொடாதேம்மா. அந்த வார்த்தைக்கு அக்கம்பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பாரு” என்றார். பக்கத்தில் ‘பொறுப்புகள்’ இருந்தது. அடுத்த வாக்கியம், செய்யத் தவறினால் யாருக்குத் தெரிவிப்பது என்று கூறியது. நிறைவேற்றுதல் என்ற பொருள் தானாகவே விளங்கிவிட்டது. ‘ஈக்விவோக்கல்’ என்ற சொல்லைச் சமம் என்று பொருள்கொண்டு ஏமாந்த நாளிலும் அடுத்த வரிதான் காப்பாற்றியது: சில ஆய்வுகளில் மருந்தால் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை என்று அது சொன்னதால், திட்டவட்டமாக இல்லாத முடிவு என்று புரிந்துகொண்டேன்.

இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுப்பவர், வெள்ளிக்கிழமைதோறும் நாற்பது சொற்களும் அவற்றுக்கு ஒவ்வொரு தமிழ்ப் பொருளும் அச்சிட்ட தாளைக் கொடுத்து, சனிக்கிழமை ஒப்பிக்கச் சொல்வது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தத் தாளில் ‘டிஸ்சார்ஜ்’ என்பதற்கு ‘வெளியேற்று’ என்று மட்டுமே இருந்தது! தாளை நம்பியிருந்தால் அந்த விதிமுறைக் குறிப்பு எனக்கு இன்றுவரை புரிந்திருக்காது.

மற்றொரு குறை, தொடக்கத்திலேயே தேர்வுத் தரத்துப் பத்திகளைக் கொடுப்பது. முதல் நாள் கொடுத்த 800 சொல் கட்டுரையில் நான் அடிக்கோடிட்ட சொற்கள் 61. பிறர் உதவியின்றி ஒரு பத்தியைப் புரிந்து படிக்க, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று மொழி ஆய்வாளர்கள் ஹூ, நேஷன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அந்தக் கணக்கில் 16 சொற்களுக்கு மேல் புதிதாக இருக்கக் கூடாது. தெரியாத சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லும் தெரியாததாக இருந்தால் எதை வைத்து ஊகிப்பது? இது புதிய சிக்கலும் அன்று. 1920களில் டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலேயக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்புப் பாடங்களில் புதுச் சொற்கள் நெருக்கியடித்து வருவதைக் கண்டு, அரிய சொற்களுக்குப் பதில் பழகிய சொற்களை இட்டு, புதியவற்றை இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப வருமாறு அமைத்தார். வெஸ்ட்டைப் பற்றி எங்களுக்குச் சொன்னவரே இந்த ஆசிரியர்தான் என்பது வேடிக்கை.

ஜெராக்ஸ் பல பக்கங்களில் மங்கலாக இருந்தது. மின்விசிறிச் சத்தம் பழகிவிடும். ஆங்கிலச் செய்தித்தாளை ஓரளவு தடையின்றிப் படிக்க முடிகிறவர்கள் தயங்காமல் சேரலாம். அது முடியாதவர்கள், எளிய பத்திகளை வீட்டில் சில மாதம் படித்துவிட்டுப் போவது நல்லது. அப்படிச் செய்யாமல் என்னோடு சேர்ந்த இருவர் முதல் மாதத்திலேயே நின்றுவிட்டார்கள். அடுத்த அணிக்காவது எளிய பத்தியில் தொடங்குங்கள் சார் என்று கடைசி நாளில் கேட்டேன். “பார்க்கலாம்மா” என்று சொல்லிவிட்டு, அந்த வாரத்துச் சொல் தாளை நீட்டினார்.