வெள்ளைக் களிம்பா, கொலாஜன் ஷீட்டா: இரண்டு தீக்காயம் பார்த்த வீட்டிலிருந்து

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் அம்மாவின் காலில் வடிகஞ்சி கொட்டிவிட்டது. இந்தப் பொங்கலன்று வாசலில் பானை பொங்கி வழிந்தபோது, கிட்டே ஓடிய என் ஆறு வயது மகனுக்கு முன்கை வெந்துபோனது. அம்மாவுக்கு வெள்ளைக் களிம்பு போட்டோம். பையனுக்கு கொலாஜன் ஷீட், அதாவது காயத்தின் மேல் ஒட்டுகிற மெல்லிய உறை. இரண்டுமே கொப்புளம் போட்டு, தோல் உரிந்து, சிவந்து ஈரமாக இருந்த காயம். டாக்டர்கள் இரண்டாம் டிகிரி என்பார்கள். மறுபடி ஒருமுறை தேர்வு செய்யச் சொன்னால் யோசிக்காமல் ஷீட் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

எதைப் போடுவதானாலும் முதலில் தண்ணீர். குழாயடியில் 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும், ஐஸ் கூடாது. பக்கத்து வீட்டு அத்தை இட்லி மாவோடு ஓடி வந்தார்; பாசத்தில்தான். மாவு, மஞ்சள், பேஸ்ட் எதைப் பூசினாலும் காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டருக்குத் தெரியாமல் போய்விடும், அதனால் வேண்டாம் அத்தை என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளைக் களிம்பு என்பது சில்வர் சல்ஃபாடயசின். 1968-ல் நியூயார்க்கில் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்தியது. கிருமியை அடக்குவதில் கெட்டி, விலை குறைவு, அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பிரசவ நாள் நெருங்கியவர்களுக்கும், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கும் போட மாட்டார்கள்.

அதன் சிக்கல் கட்டு மாற்றுவதில் இருக்கிறது. களிம்பு ஒரு நாளில் மஞ்சளாகப் படிந்து புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பழையதைக் கழுவித் துடைத்து எடுத்தால்தான் புதியதைப் பூச முடியும். அம்மாவுக்கு முதல் பத்து நாள் தினமும், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று மொத்தம் 14 கட்டு. நர்ஸ் சலைன் ஊற்றி ஊற வைத்துப் பொறுமையாகத்தான் உரிப்பார். ஆனாலும் கடைசி மடிப்புத் துணி புண்ணைவிட்டு வரும்போது அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில். அடைமழையில் கட்டுக்காலுக்குப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, சேற்றில் பஸ் நிறுத்தம் வரை நடந்து, தஞ்சாவூர் போய்வர அரை நாள் ஓடிவிடும். நடவு நேரம் வேறு. கூடப் போகிறவருக்கும் அன்றைய கூலி போச்சு. களிம்பு இலவசம்தான், இதெல்லாம் யார் கணக்கில் வரும்?

அதனால் பையனுக்கு அடிபட்டதும் கும்பகோணத்தில் டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை தடவை கட்டைப் பிரிக்கணும்?” என்பதுதான்.

கொலாஜன் நம் தோலிலேயே இருக்கும் புரதம். ஷீட்டுக்குப் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுக்கிறார்கள், மீனிலிருந்து எடுப்பதும் உண்டு. மாடு என்றால் வேண்டாம் என்கிற வீடுகள் இருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் காயத்துக்கு உறையாக்கும் ஆய்வில் வெகுகாலமாக ஈடுபட்டிருக்கிறது.

மயக்கம் கொடுத்துக் காயத்தைச் சுத்தம் செய்து, ஈரமான மெல்லிய ஷீட்டை மேலே விரித்து, அடியில் காற்று நிற்காமல் விரலால் நீவிவிட்டார்கள். ஒட்டிய கொஞ்ச நேரத்திலேயே எரிச்சல் தணிந்துவிட்டது. திறந்து கிடந்த நரம்பு நுனிகள் மூடப்படுவதால் அப்படி என்றார் டாக்டர். இரண்டாம் நாள் மேல்கட்டை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் ஷீட் அப்பளம் மாதிரி காய்ந்து, கீழே தோல் வளர வளர ஓரம் தூக்கிக்கொண்டது. தூக்கிய ஓரத்தைக் கத்தரியால் நறுக்குவதோடு சரி. 12-ஆம் நாள் மிச்சத் துண்டு குளிக்கும்போது தானாகவே வந்துவிட்டது. உரிக்கிற வேலையே கிடையாது. ஷீட்டுக்கு மட்டும் மூவாயிரத்துச் சொச்சம் ஆனது.

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. ஆறு வயதுக் குழந்தையின் கை சீக்கிரம் ஆறத்தான் செய்யும். அதனால் ஆறின நாள் கணக்கை வைத்து நான் வாதாட மாட்டேன். தழும்பு பற்றியும் சொல்ல முடியாது, நான்கு மாதம்தான் ஆகிறது.

ஆய்வுகளும் களிம்புக்குச் சாதகமாக இல்லை. தீக்காயக் கட்டுகள் பற்றிய சோதனைகளைத் திரட்டி மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 2013-ல் வெளியிட்ட அலசல், பல புதிய உறைகளோடு ஒப்பிட்டால் சில்வர் சல்ஃபாடயசின் போட்ட காயம் தாமதமாக ஆறுகிறது என்றது. கூடவே, அந்தச் சோதனைகளின் தரம் போதாது என்பதையும் எழுதியது. ஒரு காரணம் எனக்கே புரிகிறது. முடிவு ஒரு பக்கம் சாயாமலிருக்க, மாத்திரை என்றால் எது மருந்து எது போலி என்று நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கலாம். வெள்ளையாகப் பூசியிருப்பதையும் ஷீட் ஒட்டியிருப்பதையும் எப்படி மறைப்பது?

ஒட்டாமல் இருப்பதுதான் முக்கியம் என்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. வெந்தவரை வாழைக்குருத்தில் கிடத்துவார்கள் என்று ஆத்தா சொல்வார். மும்பையில் டாக்டர்கள் வாழை இலையைக் கட்டாகப் போட்டு நோயாளிகளிடம் சோதித்து, 2003-ல் ‘பர்ன்ஸ்’ ஆய்விதழில் எழுதினார்கள். மெழுகுப் பூச்சுள்ள இலை புண்ணில் ஒட்டாது, வலிக்காமல் எடுக்கலாம். அவர்கள் கிருமி நீக்கிய இலையைப் பயன்படுத்தினார்கள். கொல்லையில் அறுத்த இலையை அப்படியே வைத்துவிடாதீர்கள்.

ஷீட் எல்லாருக்கும் இல்லை. காயம் பட்டு அதிக நேரம் ஆகாமல், சுத்தமாக இருக்கும்போது போட வேண்டும். நாலு நாள் கழித்துச் சீழ் வைத்துப் போனால் ஷீட்டுக்கு அடியில் சீழ் தேங்கும். அங்கே களிம்புக்கே வேலை. வெள்ளையாகவோ கருப்பாகவோ, தொட்டால் உணர்ச்சியில்லாமல் இருந்தால் அது ஆழக் காயம், தோலெடுத்து ஒட்டவேண்டி வரும். முகம், மூட்டு, உள்ளங்கை என்றால் நேராகப் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கும் இடத்துக்கே போய்விடுங்கள். ஷீட் ஒட்டியிருக்கும்போது காய்ச்சலோ நாற்றமோ வந்தால் அன்றைக்கே காட்டவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். முதல் ஐந்து நாள் ராத்திரியில் நான் எழுந்து எழுந்து பையன் கையை முகர்ந்து பார்த்தேன்.