லெட்டர் கிரேடு: ரொம்ப நாள் யூஸ் பண்ணினவனோட ரிவ்யூ, முக்கால்வாசி பி பிளஸ் மேல இருக்கற கோவம்

புதுசா ஆல்பம் ரிவ்யூ எழுத ஆரம்பிச்சிருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தர் கேட்டாரு, அஞ்சு ஸ்டாரா, பத்துக்கு மார்க்கா, லெட்டர் கிரேடா, எதை எடுத்துக்கலாம்னு. நான் லெட்டர் ஆளு. வருஷக்கணக்கா ஜாஸ், பாப் ரெண்டுக்கும் அதுலதான் போட்டுட்டு வரேன், அதனால யோசிக்காம "கண்ண மூடிட்டு லெட்டர் எடுத்துக்கோங்க"ன்னு டைப் பண்ணிட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி சும்மா என் ஷீட்டை ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தேன். பி பிளஸ், பி பிளஸ், பி பிளஸ், ஏ மைனஸ், பி பிளஸ், பி, பி பிளஸ், பி பிளஸ். அந்த மெசேஜ் போகல. அதுக்குப் பதிலாத்தான் இது.

ஸ்கேல் என்னன்னு விளக்கப் போறதில்ல, 1969-ல ராபர்ட் கிரிஸ்ட்காவ்ங்கற மியூசிக் விமர்சகர் நியூயார்க்கோட வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகைல கன்ஸ்யூமர் கைடுன்னு ஒரு பகுதி ஆரம்பிச்சாரே அதே மாடல்தான், ஏ பிளஸ்ல இருந்து ஈ மைனஸ் வரைக்கும், ஒரு சின்ன பாரா, ஒரு லெட்டர், அடுத்த ஆல்பம்.

மொதல்ல நல்லதச் சொல்லிடறேன், கோவத்துல விட்டுப்போயிடும். பத்துக்கு மார்க்னா எப்படியும் டெசிமல் வந்துடும், வந்துட்டா 7.8-க்கும் 7.9-க்கும் என்ன வித்தியாசம்னு யாராவது கேப்பாங்க, நம்மகிட்ட பதில் இருக்காது. பிட்ச்ஃபோர்க்ங்கற மியூசிக் ரிவ்யூ சைட்ல 0.0-ல இருந்து 10.0 வரைக்கும் போடறாங்க, அதாவது 101 படி. மனுஷக் காதுக்கு அத்தன படி தெரியும்னு நான் நம்பல. 2020-ல டெய்லர் ஸ்விஃப்ட்டோட ஃபோக்லோர் ஆல்பத்துக்கு அவங்க 8.0 குடுத்தாங்க, எந்த அளவுகோல்ல பாத்தாலும் நல்ல மார்க், ஆனா ரிவ்யூ எழுதினவங்களுக்கு மிரட்டல் வர்ற அளவுக்குப் போச்சு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாத்து வந்த கோவம் இல்ல அது, எல்லா பத்திரிகை மார்க்கையும் சேத்து ஆவரேஜ் போடற மெட்டாக்ரிட்டிக் சைட்ல, இந்த நம்பர் போய் அந்த ஆவரேஜக் கீழ இழுத்துடுமேங்கற கோவம். நம்பர்னா கூட்டி வகுக்கத்தான் தோணும். லெட்டர்ல அந்தத் தொல்லை கம்மி, கம்மிதான், இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது, ஏன்னா மெட்டாக்ரிட்டிக் அதையும் விடல, ஏ வந்தா 100, ஏ மைனஸ் 91, பி பிளஸ் 83, பி 75னு அவங்களே மாத்திக்கறாங்க. நான் மனசுல 83னு ஒரு நாளும் நெனச்சது கிடையாது.

ஆவரேஜ் ஏன் வேண்டாங்கறேன்னா, சாக்ஸஃபோன் வாசிச்ச ஆர்னெட் கோல்மனோட ஃப்ரீ ஜாஸ் ஆல்பத்த எடுத்துக்கோங்க. நாலு பேர் வாசிக்கற குவார்டெட் ரெண்டு, ஒண்ணு இடது ஸ்பீக்கர்ல ஒண்ணு வலது ஸ்பீக்கர்ல, 37 நிமிஷம் ஒரே வாசிப்பு. 1962 ஜனவரில டவுன்பீட்ங்கற ஜாஸ் பத்திரிகைல அதுக்கு ரெண்டு ரிவ்யூ பக்கத்துபக்கத்துல போட்டாங்க, பீட் வெல்டிங் அஞ்சு ஸ்டார், ஜான் டைனன் பூஜ்யம். ரெண்டுமே நேர்மையான ரிவ்யூ, அத்தன வருஷம் கழிச்சும் ரெண்டையும் படிச்சா அந்த ஆல்பத்தப் பத்தி ஏதோ புரியுது. இதுக்கு ஆவரேஜ் போட்டா ரெண்டரை ஸ்டார், அந்த ஆல்பத்தக் கேட்ட ஒரு மனுஷன் கூட அத ரெண்டரைன்னு நெனச்சிருக்க மாட்டான்.

இன்னொரு நல்லது, முடிவு எடுக்க வைக்குது. "சுவாரசியமான முயற்சி"ன்னு எழுதிட்டு நழுவ முடியாது, லெட்டர் போட்டாகணும், போட உக்காரும்போதுதான் இந்த ஆல்பத்த மறுபடி எடுத்துக் கேப்பமாங்கற கேள்வியே வருது. ஏ மைனஸுக்கும் பி பிளஸுக்கும் நடுவுல இருக்கற கோடு என்னப் பொறுத்தவரைக்கும் அதான், வேலைக்காக இல்லாம சொந்தக் காசுல, சொந்த நேரத்துல மறுபடி கேப்பேன்னா ஏ மைனஸ். இந்த ஒரு கோட்டுக்காகவே இத்தன நாள் இந்த சிஸ்டத்தோட இருந்திருக்கேன். அது மேல எனக்கு ஒரு குறையும் இல்ல.

குறையெல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழதான்.

பி பிளஸ்னா என்ன அர்த்தம், "நல்லா இருக்கு, மறுபடி கேக்க மாட்டேன்." வீட்ல எங்க வைக்கறதுன்னு தெரியாததெல்லாம் போடற ட்ராயர் ஒண்ணு இருக்குமே, அதுதான் இது, இழுத்தா வராது, தள்ளினா மூடாது. இதுல முக்கால்வாசி ஜாஸ்தான் அடைஞ்சு கெடக்கு, அதுக்குக் காரணம் என் சோம்பேறித்தனம் மட்டும் இல்ல. மோசமான ஜாஸ் ஆல்பம் ரொம்ப அபூர்வம், யோசிச்சுப் பாருங்க. சொந்தப் பேர்ல ஆல்பம் போடற அளவுக்கு வந்த ஒரு சாக்ஸஃபோன் ஆளு ஏற்கெனவே பல வருஷம் வாசிச்சுத் தேறியிருப்பாரு, கூட வாசிக்கறவங்களும் அப்படியே, ஸ்டுடியோல ஒண்ணு ரெண்டு நாள்ல முடிச்சுடுவாங்க, காசு பெருசா வராதுன்னு தெரிஞ்சேதான் பண்றாங்க, அதனால போலித்தனத்துக்கும் வேலை இல்ல. சாக்ஸ், பியானோ, பேஸ், ட்ரம்ஸ், ஆறு சொந்த ட்யூன், பியானோ மேதை தெலோனியஸ் மங்க்கோட ஒரு ட்யூன், கடைசில மெதுவா ஒரு பேலட். யாரும் சுதி தப்பல, யாரும் தூங்கல. என்ன போடுவீங்க? சி போட்டா பாவம், ஏ மைனஸ் போட்டா பொய். கை தானா பி பிளஸ் கட்டத்துக்குப் போகுது.

பாப் அப்படி இல்ல. பாப்ல தோத்தா அப்பட்டமாத் தெரியும், பத்து ப்ரொட்யூசர், இருபது ரைட்டர், ரெண்டு சிங்கிள் தவிர மத்ததெல்லாம் நிரப்பல்னு ஆல்பம் வரும், தாராளமா சி போடலாம், மனசு உறுத்தாது. ஜெயிச்சா அதுவும் ரெண்டாவது தடவையே காதுல ஒட்டிக்கும். அதாவது பாப் இந்த ஸ்கேலோட மொத்த நீளத்தையும் யூஸ் பண்ணுது, ஜாஸ் ரெண்டு கட்டத்துக்குள்ள உக்காந்துக்குது. அப்ப ஒரே பக்கத்துல ஒரு பாப் பி பிளஸும் ஒரு ஜாஸ் பி பிளஸும் இருந்தா ரெண்டும் ஒண்ணான்னு படிக்கறவங்க கேட்டா, இல்லன்னுதான் சொல்லணும். ஒரே லெட்டர், ரெண்டு அர்த்தம், இதுக்குப் பேரு ஸ்கேலா?

இதுல என்னைய விட அனுபவசாலிங்களும் மாட்டியிருக்காங்க, அது ஒரு ஆறுதல். கிரிஸ்ட்காவே 1990-ல ஃபார்மட்ட மாத்தினாரு, நடுத்தர ஆல்பங்களுக்குப் பாரா எழுதறத பெரும்பாலும் விட்டுட்டு, தேறினதுக்கு ஒரே வரி, ஒண்ணுல இருந்து மூணு ஸ்டார்னு வேற வகை கொண்டு வந்தாரு. அதே வில்லேஜ் வாய்ஸ்ல ஜாஸுக்குன்னு தனியா கன்ஸ்யூமர் கைடு எழுதின டாம் ஹல் இன்னும் ஒரு படி மேல போய் பி பிளஸையே மூணா ஒடச்சாரு, ஒரு ஸ்டார் பி பிளஸ், ரெண்டு ஸ்டார் பி பிளஸ், மூணு ஸ்டார் பி பிளஸ். வாரத்துக்கு அத்தன ஜாஸ் கேக்கற ஆளுக்கு அதுதான் ஒரே வழின்னு புரியுது. நானும் அதே மாதிரி ஒடச்சுப் பாத்தேன். கொஞ்ச நாள் சொர்க்கமா இருந்துச்சு. அப்புறம் மெதுவா எல்லாம் ரெண்டு ஸ்டார் கட்டத்துல வந்து குவிய ஆரம்பிச்சுது. பெங்குயின் கைடு டு ஜாஸ் புத்தகத்துல குக், மார்ட்டன் ரெண்டு பேரும் நாலு ஸ்டாருக்கு மேல ஒரு கிரீடம் வெச்சாங்க, தங்களுக்கு ரொம்பப் புடிச்சதுக்கு மட்டும், அது புத்திசாலித்தனம், ஆனா அது உச்சில இருக்கற பிரச்சனைக்கு மருந்து, எனக்கு வயித்துல வலி.

கிரேட கெடுக்கற சின்ன விஷயங்கள் வேற நெறைய இருக்கு, சத்தம் அதுல ஒண்ணு. கொஞ்சம் சத்தமா கேக்கறது எதுவும் காதுக்கு நல்லா கேக்கற மாதிரிதான் இருக்கும், பாப் ஆல்பம் முழுக்க சத்தத்த ஏத்தி நசுக்கி மாஸ்டர் பண்ணி வரும், ஜாஸ் ட்ரியோல பேஸ் சோலோ வர்ற இடத்துல பக்கத்து ரூம் ஃபேன் சத்தம் கேக்கும். ஸ்ட்ரீமிங்ல நார்மலைசேஷன், அதாவது எல்லாப் பாட்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டு வர்ற செட்டிங், ஆன் பண்ணி வெச்சுட்டுத்தான் கிரேடு போடுங்க, ஸ்பாட்டிஃபைல டிஃபால்ட் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்த அளக்கற யூனிட்), அது போதும். இது பண்ணாத வரைக்கும் உங்க ஏ மைனஸ் பாதி வால்யூமுக்குப் போட்டது. அப்புறம் இந்த வெள்ளிக்கிழமை. 2015 ஜூலைல இருந்து உலகம் பூரா ரிலீஸ் வெள்ளிக்கிழமைன்னு ஆக்கிட்டாங்க, எல்லாம் ஒரே நாள்ல மொத்தமா வந்து விழுது, மொதல்ல கேக்கறதுக்கு இரக்கம், கடைசில கேக்கறதுக்கு எரிச்சல். ஈசிஎம்ங்கற ஜாஸ் லேபிளோட சிடி ஒவ்வொண்ணும் அஞ்சு செகண்ட் அமைதியோட ஆரம்பிக்கும், அந்த அஞ்சு செகண்ட எல்லா லேபிளும் வெக்கணும்னு சட்டம் போடலாம்.

பாப்ல வேற தலைவலி, ஆல்பம் எங்க முடியுதுன்னே தெரியல. 2024 ஏப்ரல்ல டெய்லர் ஸ்விஃப்ட் 16 பாட்டோட ஆல்பம் விட்டாங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு 15, மொத்தம் 31, கேட்டு முடிக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல. 2016-ல கான்யே வெஸ்ட் லைஃப் ஆஃப் பாப்லோ ஆல்பத்த ரிலீஸ் பண்ணின அப்புறமும் மிக்ஸ் மாத்திட்டே இருந்தாரு. நான் போட்ட லெட்டர் எந்த வெர்ஷனுக்கு? ஷீட்ல தேதிக்குன்னு தனியா ஒரு கட்டம் சேத்ததுதான் இதுக்கு நான் கண்டுபுடிச்ச ஒரே வைத்தியம்.

இதையெல்லாம் கூட மன்னிச்சுடுவேன். மன்னிக்க முடியாதது என்னன்னா, பழைய லிஸ்டைத் தொறந்தா சி பிளஸ் போட்ட ஆல்பம் எல்லாம் அச்சு அசலா ஞாபகம் இருக்கு, எந்தப் பாட்டுல அந்தக் கொடுமையான சிந்த் வந்துச்சு, எந்த இடத்துல ஸ்கிப் பண்ணலாம்னு கை போச்சு, எல்லாம். பி பிளஸ் வரிசைல இருக்கற ஜாஸ் பேரப் பாத்தா கவர் கூட ஞாபகம் வரல. அதுங்க மேல எனக்கு மரியாதை இருக்கு, சி பிளஸ் மேல இல்ல, ஆனா என் தலைக்குள்ள வாடகை இல்லாம குடியிருக்கறது அந்த சி பிளஸ்தான். அந்த வகைல அந்த லெட்டர் என் அனுபவத்தப் பத்தி எதுவுமே சொல்லல, நான் எவ்ளோ மரியாதையா நடந்துக்கிட்டேன்னு மட்டும் சொல்லுது.

சரி ஃப்ரெண்டுக்கு பதில். பாப் மட்டும் எழுதறதா இருந்தா லெட்டர் எடுத்துக்கோங்க, நல்லா உழைக்கும், சண்டை கம்மி. ஜாஸும் சேத்துன்னா வேண்டாம், வயர்ங்கற பிரிட்டிஷ் மியூசிக் பத்திரிகை மாதிரி கிரேடே போடாம எழுதுங்க, இல்ல ஜாஸுக்குத் தனியா "மறுபடி கேப்பேன், கேக்க மாட்டேன்"னு ரெண்டே கட்டம் வெச்சுக்கோங்க, எப்படியும் நான் அந்த ஒரு கோட்டத்தான் நம்பறேன். இந்த சிஸ்டத்துக்கே என்ன கிரேடுன்னு கேட்டா சி. மேல அவ்ளோ நல்லது சொல்லிட்டு சி-யான்னு கேப்பீங்க, ஆமா சி, பி பிளஸ் போடுவேன்னு யாரெல்லாம் நெனச்சீங்களோ அவங்களுக்காகவே சி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அதுவும் ஒரு காரணம், செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தா ஏ மைனஸ் கூட வந்திருக்கும்.

நான் மாறுவேனான்னு கேக்காதீங்க, மாற மாட்டேன். இத்தன வருஷ ஷீட்டையும் ஸ்டாருக்கு மாத்த யாரு உக்காருவா.