வாசலுக்கு வரும் ஆயுள் சான்று: தபால்காரர் சேவை பற்றி ஒரு மதிப்புரை

மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், முந்திரி உடைத்தே வயதான என் அம்மாவுக்கு, தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-இன் கீழ் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஓய்வூதியத்திற்குரிய சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதே கணக்கு. அம்மாவுக்குச் சராசரி சுமார் 5,000, கணக்கில் ஏறிய பணி 12 ஆண்டு, ஆக 857 ரூபாய்தான் தேறியது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சத் தொகை 1,000 என்று ஆனதால் மீதி கூடிற்று. இந்தச் சிறு தொகையும் தடையின்றி வர வேண்டுமானால் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்தும் ஆயுள் சான்றை ஆண்டுக்கொரு முறை கொடுத்தாக வேண்டும்.

அதில்தான் சிக்கல். முந்திரித் தோட்டின் எண்ணெய் பல ஆண்டுகள் பட்டுப்பட்டு அம்மாவின் விரல் ரேகைகள் தேய்ந்துவிட்டன. ஓர் இணையச் சேவை மையத்தில் இரண்டு நாள் காத்திருந்தும் கருவி ரேகையை ஏற்கவில்லை. வேறு வழியிருப்பதாக அங்கே யாரும் சொல்லவில்லை. உழைத்த கையே உழைத்ததற்கான பணத்தை மறுக்கிறதே என்று அம்மா கலங்கியது இன்னும் என் மனதை விட்டு அகலவில்லை.

பிறகு எங்கள் தபால்காரரிடம் சொன்னோம். அஞ்சல் துறையின் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி 2020 முதல் ஆயுள் சான்று சேவையைத் தபால்காரர் மூலம் வீட்டிலேயே தருகிறது. ஆதார், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு, கைப்பேசி ஆகியவற்றை எடுத்து வைத்திருந்தோம். ரேகை பதியாததைக் கண்டதும் அவர் கைப்பேசிக் கேமராவில் முகத்தை வைத்தே அடையாளம் உறுதி செய்தார். திண்ணையை விட்டு அம்மா எழுந்திருக்கவே இல்லை. சற்று நேரத்தில் சான்று எண் குறுஞ்செய்தியாக வந்தது. வெளிச்சம் முகத்தில் நேராக விழும் இடத்தில் உட்கார வைப்பது நல்லது.

2024-இல் நாங்கள் செலுத்திய கட்டணம் 70 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்காரருக்கு அது சிறியதல்ல. 2025 நவம்பரில் இத்திட்டத்தை நடத்தும் வருங்கால வைப்புநிதி நிறுவனம் இவ்வங்கியோடு செய்த ஒப்பந்தப்படி, இத்திட்ட ஓய்வூதியர்களுக்கான செலவை நிறுவனமே ஏற்கிறது. நான் மனமார வரவேற்கும் மாற்றம் இது.

எல்லோரும் நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். இத்திட்டத்தில் அப்படியில்லை, எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். மழைக்காலத்தில் அலையாமல், உங்கள் தெருவுக்கு வரும் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.