கே.ஆர்.பி. அணை மீன் கடைகள்: எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போகும் வழியில் 7 கி.மீ. போனால் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணை. தென்பெண்ணையின் குறுக்கே கட்டி 1957-ல் காமராஜர் திறந்து வைத்தது. அணையைப் பார்க்கப் போகிறவர்கள் மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்புவது அபூர்வம். இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல வறுவல் கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

தட்டில் அடுக்கியிருக்கும் மசாலா தடவிய துண்டுகளைக் கைகாட்டாதீர்கள். மிளகாய்த்தூள் பூசிவிட்டால் மீன் புதுசா பழசா என்று கண்டுபிடிக்கவே முடியாது. வெட்டாத முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாக இருக்கணும், செவுள் சிவந்திருக்கணும், சதையை விரலால் அழுத்தினால் குழி தங்கக் கூடாது. எடை போடுவது பெரும்பாலும் கழுவுவதற்கு முன்னால்தான். செதில், குடல், தலை போனால் எடை நன்றாக இறங்கிவிடும் என்பதால் நாலு பேருக்கு ஒன்றரை கிலோ முழு மீன் சொல்லலாம்.

குழந்தைகள் கூட வந்தால் ஜிலேபி மீன் (திலாப்பியா) வாங்குங்கள். கட்லா, ரோகு ருசியில் குறைந்தவை அல்ல. ஆனால் சதைக்குள்ளே கவட்டை போல் பிரிந்த மெல்லிய முள் நிறைய உண்டு, சின்ன மீனில் அது கண்ணுக்கே தெரியாது. இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட கட்லாவாக இருந்தால் முள் பெரிதாக இருக்கும், எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். ஜிலேபியில் இந்தத் தொல்லை இல்லை.

ஏரி மீனுக்கும் அணை மீனுக்கும் ஒரு மண்வாடை உண்டு. பாசி போன்ற நுண்ணுயிர்கள் தண்ணீரில் விடும் ஒரு பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் சேர்வதால் வருவது அது. வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுத்து, மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் தடவிப் பத்து நிமிஷம் வைத்துக் கழுவினால் பெருமளவு போய்விடும். கூட்டம் இல்லாத நாளில் கேட்டால் செய்து கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதற்கெல்லாம் யாருக்கும் நேரம் இருக்காது.

அடுத்தது எண்ணெய். கறுத்து, நுரை கட்டி, புகைந்துகொண்டிருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். முந்தைய ஈடுகளில் உதிர்ந்த மசாலா அடியில் கருகிக் கிடக்கும், அந்தக் கசப்பு உங்கள் மீனிலும் ஏறும். முடிந்தால் தோசைக்கல்லில் போடச் சொல்லுங்கள். முழு ஜிலேபிக்கு இரண்டு பக்கமும் மூன்று கீறல், மிதமான தீ, பக்கத்துக்கு ஐந்தாறு நிமிஷம். கல்லை விட்டுத் தானாகக் கிளம்பிய பிறகுதான் திருப்பணும், அவசரப்பட்டால் தோலும் மசாலாவும் கல்லோடு போய்விடும். தீயைக் கூட்டினால் மேலே சிவந்துவிடும், நடுமுள்ளை ஒட்டி வேகாமல் நிற்கும். வந்ததும் அந்த இடத்தைப் பிட்டுப் பாருங்கள். சதை வெள்ளையாக முள்ளை விட்டு வர வேண்டும். கண்ணாடி மாதிரி இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

அணையில் இருக்கும் பூங்கா, நிழலில் உட்கார நல்லது, அவ்வளவுதான். அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. மழைக்காலத்தில் மதகு திறந்தால் முன்னால் இருக்கும் தரைப்பாலம் முழுகி, பூங்காவுக்கு வழியை அடைத்துவிடுவார்கள். அன்றைக்குப் படகில் போகிற ஆசை இருந்தால் அதே நெடுஞ்சாலையில் அவதானப்பட்டி ஏரிக்குப் போகலாம். மே, ஜூனில் போகிறவர்கள் வழியில் பெங்களூரா மாங்காய் நாலு வாங்கிக்கொள்ளுங்கள். கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவினால் வறுவலுக்கு நல்ல துணை.