வரும் வரை காத்திருப்பதா, இருப்பதை வாங்குவதா? தாமத டெலிவரி ஆர்டர்கள் ஓர் ஒப்பீடு

"அனுப்ப 6 முதல் 8 வாரம் ஆகும்" என்ற வரியைப் பார்த்ததும் வாங்குவோர் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். விலை குறைவு என்றால் வருகிறபோது வரட்டும் என்கிறது ஒரு கட்சி. ஸ்டாக் இல்லாதவரிடம் காசைக் கொடுக்கவே கூடாது என்கிறது மற்றது. இரண்டும் வாரக் கணக்கையே பேசுகின்றன. முதலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: பணம் எந்த நாளில் கையை விட்டுப் போகிறது, பொருள் வரும் தேதியை விற்பவர் எதை வைத்துச் சொல்கிறார். இவை தெரிந்தால் எட்டு வாரம்கூடப் பயமில்லாத காத்திருப்பு. தெரியாவிட்டால் இரண்டு வாரமே அதிகம்.

பேக்-ஆர்டரும் ப்ரீ-ஆர்டரும்

பலரும் இவற்றை ஒன்றென நினைக்கிறார்கள். பேக்-ஆர்டர் என்பது ஏற்கெனவே விற்பனையில் இருந்த பொருள் தீர்ந்துபோய், அடுத்த சரக்குக்குக் காத்திருப்பது. பொருளின் தரம் தெரியும், பழைய வாங்குநர்களின் கருத்துகளும் கிடைக்கும். தேதியும் பெரும்பாலும் உற்பத்தியாளரிடம் போட்ட கொள்முதலை ஒட்டியே இருக்கும். "சரக்குக்குக் கொள்முதல் போட்டாயிற்றா, சரக்கு கிளம்பிவிட்டதா, எனக்கு முன் எத்தனை பேர் வரிசையில்?" என்று விற்பவரிடம் கேளுங்கள். இங்கே வழக்கமாகத் தவறுவது எண்ணிக்கையில்தான். 200 பேர் காத்திருக்க 120 மட்டும் வந்து சேர்ந்தால், மீதி 80 பேருக்கு இன்னொரு முழுச் சுற்று. மாடலையே நிறுத்திவிட்டால் அடுத்த சுற்றும் கிடையாது.

ப்ரீ-ஆர்டரில் பொருளே இன்னும் வெளிவரவில்லை. காட்டப்படும் தேதி பல நேரம் கணினியில் காலியாக விட முடியாத கட்டத்தை நிரப்பப் போட்டது. டிசம்பர் 31, மார்ச் 31 என்று ஆண்டு முடிவிலோ காலாண்டு முடிவிலோ போய் நிற்கும் தேதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். முதல் தொகுப்பில் வரும் குறைகளும் முந்தி வாங்கியவர் தலையில்தான். தீர்ந்துபோகும் என்ற உறுதியான காரணம் இருந்தால் ஒழிய, இதைவிட "ஸ்டாக் வந்ததும் தெரிவி" என்று பதிந்து வைப்பது நல்லது. அதற்குக் காசு போவதில்லை.

செய்து தரும் பொருட்கள்

அளவெடுத்துச் செய்யும் மேசை, கட்டில், கண்ணாடி, உடை இவற்றில் தாமதம் வேலையின் ஒரு பகுதி. காத்திருப்பு நியாயமாகவே தோன்றும் வகை இது. ஆனால் "6 வாரம்" எந்த நாளிலிருந்து என்பதில்தான் சண்டை வருகிறது. பல பட்டறைகள் அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. வரைபடத்துக்கும் நிற மாதிரிக்கும் நீங்கள் சரி சொன்ன நாளிலிருந்தே எண்ணுகின்றன. உங்கள் பதில் பத்து நாள் தாமதித்தால் கெடுவும் அவ்வளவு தள்ளும். அளவுகளை எழுத்தில், மில்லிமீட்டரில் கொடுங்கள். கதவு, படிக்கட்டு வழியே பொருள் நுழையுமா என்பதையும் அளந்து சொல்லுங்கள். முழுத் தொகையை முன்கூட்டிக் கேட்டால் பிரித்துத் தருவதாகப் பேசிப் பாருங்கள்: ஆர்டரின்போது ஒரு பகுதி, முடிந்த பொருளின் படம் வந்ததும் ஒரு பகுதி, கைக்கு வந்தபின் மீதி. மனம் மாறினால் திருப்பித் தரும் உரிமை பெரும்பாலும் இவற்றுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையவழி வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பும் உரிமை உண்டு என்றாலும், தனிப்பட்ட அளவில் செய்தவை அதில் சேராது.

தொலைதூரத்திலிருந்து நேராக வருபவை

விலை மிகக் குறைவு, வழி மிக நீளம். கடல்வழிச் சரக்குக்கு நிகழும் எதுவும் இங்கே எதிரொலிக்கும். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபின் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில், ஆசியா–ஐரோப்பா பயணத்துக்குச் சுமார் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடுதலாகப் பிடித்தது. லித்தியம் அயான் பேட்டரியைத் தனியாக வாங்கினால் இன்னும் பொறுமை வேண்டும். 2016 ஏப்ரல் முதல் அவற்றைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை இருக்கிறது.

டிராக்கிங் எண் வந்ததும் பொருள் கிளம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. லேபிள் அச்சிட்டவுடனேயே எண் உருவாகிவிடும். அஞ்சல் துறை பொருளைப் பெற்றுக்கொண்ட பதிவு வந்தால்தான் பயணம் தொடங்கியது. சர்வதேச அஞ்சல் எண் 13 இடம் கொண்டது: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. முதல் எழுத்து 'யூ' என்றால் கண்காணிப்பு இல்லாத சிறு பொட்டலம். அது தொலைந்தால் எங்கே தொலைந்தது என்று காட்ட எதுவும் இருக்காது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய சிறு பொருளுக்கு மட்டும் இந்த வழி சரி.

கூட்டு நிதி

புதுப் பொருள் செய்யப் பலரிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் பணம் கட்டுவது கடையில் வாங்குவது அல்ல, ஒரு முயற்சிக்குத் துணை நிற்பது. 2015-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மோலிக் செய்த ஆய்வில், அந்தத் தளத்தின் திட்டங்களில் சுமார் 9 சதவீதம் வாக்களித்ததைத் தரவில்லை. தந்தவற்றிலும் தாமதம் சகஜம். தேதி முக்கியமானால் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

பணத்தின் கடிகாரம்

மேலே சொன்ன எல்லா வகைக்கும் பொதுவான, வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது. பொருளை அனுப்பும்போதுதான் பணம் எடுப்போம் என்னும் கடை ஒருவகை. ஆர்டர் செய்த நொடியே எடுப்பது மற்றொரு வகை. முதல் வகையே பாதுகாப்பு. ஆனால் காத்திருக்கும் நாட்களில் கார்டு காலாவதியானால் கட்டணம் நிராகரிக்கப்பட்டு, ஆர்டர் சத்தமில்லாமல் ரத்தாகும். புது கார்டு வந்தவுடன் கணக்கில் மாற்றுங்கள்.

இரண்டாம் வகையில் புகார் செய்யும் கெடுதான் உயிர். விசா கார்டில் பொருள் வராததற்கான முறையீட்டை, வர வேண்டிய தேதியிலிருந்து 120 நாளுக்குள் வங்கி தொடங்க வேண்டும். எப்படி இருந்தாலும் பணம் கட்டியதிலிருந்து 540 நாளைத் தாண்ட முடியாது. பேபால் என்னும் இணையப் பணச் சேவையில் கணக்கே வேறு, பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். எட்டு மாதக் காத்திருப்பு என்றால் சுமார் 240 நாள். பொருள் வர வேண்டிய தேதிக்கு முன்பே பேபால் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது! "இன்னும் இரண்டே வாரம்" என்று தொடர்ந்து வரும் பணிவான மின்னஞ்சல்களில் இந்த நாட்கள்தான் கரைகின்றன. ஆர்டர் செய்த அன்றே வாக்களித்த தேதியை ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து வையுங்கள், கெடுவுக்கு மூன்று வாரம் முன்னதாக நினைவூட்டல் போடுங்கள்.

சட்டமும் ஓரளவு கைகொடுக்கும். அமெரிக்காவில் 1975-ல் வகுத்த விதிப்படி, தேதி சொல்லாத விற்பனையாளர் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் காத்திருக்கவோ ரத்து செய்யவோ வாங்கியவருக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

எதற்கு எது?

பழுதான இயந்திரத்தின் உதிரிபாகம், மருத்துவத் தேவை, தேதி குறித்த பரிசு: விலை கூடினாலும் ஸ்டாக்கில் இருப்பதே. அதுவும் கிடைக்காவிட்டால் நிலை நன்றாகச் சோதிக்கப்பட்ட பழைய பொருள். பழக்கமான மாடல், அவசரமில்லை, அனுப்பும்போதுதான் பணம் என்றால் பேக்-ஆர்டருக்குத் தயங்க வேண்டாம். தாமதப் பொருளை மற்றவற்றோடு ஒரே கூடையில் போடாமல் தனி ஆர்டராகப் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாமும் கிடங்கில் காத்துக் கிடக்கும். திருப்பித் தரும் நாட்களும் உத்தரவாதமும் டெலிவரி நாளிலிருந்து தொடங்குகின்றனவா, ஆர்டர் நாளிலிருந்தா என்பதையும் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் நாள் என்று பதில் வந்தால், 8 வாரம் கழித்து வரும் பொருளுக்கு 30 நாள் திருப்பும் உரிமை பெட்டியைப் பிரிக்கும் முன்பே முடிந்திருக்கும்.